தலையில் அணிவதும் காதில் செருகுவதும்

நம் சங்க இதழில் திருக்குறளைப் பற்றி எழுதுவார் உளர். திருத்தலங்களைப் பற்றி எழுதுவார் உளர். மும்பையில் வாழைக்காய் விற்கும் விலையைப் பற்றிப் புலம்பி எழுதுவாரும் உளர். காதில் மாட்டிக்கொள்ளும் கருவியைப் பற்றி இதுகாறும் ஒருவரும் எழுதக் கண்டிலேன். இத்தனைக்கும் சங்கக் கூட்டத்திற்கு வரும் இளைஞருள் பாதிப்பேர் அக்கருவி கழுத்தில் தொங்கவே வருகின்றனர். செயலாளர் வரவேற்புரை நிகழ்த்தும்பொழுது அதனை மெல்ல எடுத்துக் காதில் செருகிக்கொள்வாரும் உண்டு என்பதை மேடையில் அமர்ந்தோர் அறிவர். ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானது அன்று எனக் கருதி எழுதத் துணிந்தேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். தலையின்மேல் வளைவாக அமர்ந்து இரு காதுகளையும் மூடுவதை ஹெட்போன் என்றும், காதுத் துளையில் செருகுவதை இயர்போன் என்றும் வழங்குகிறோம். செவிப்பொறி, காதொலிப்பான் என்றெல்லாம் தமிழ்ப் பெயர்களும் சொல்லப்படுகின்றன. அவற்றை நான் வெறுப்பவன் அல்லேன். ஆயினும் செம்பூர்க் கடைத்தெருவில் சென்று செவிப்பொறி வேண்டும் என்று கேட்டால், தமிழறிந்த கடைக்காரரே நம்மைக் காது கேளாதோர்க்குக் கருவி விற்கும் இடத்திற்கு வழிகாட்டி அனுப்பிவிடுவார். ஆகவே, கடையில் வழங்கும் பெயரையே ஈண்டும் வழங்குகிறேன்.

எங்கள் இல்லம் செம்பூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உள்ளது. இரண்டு அறை, ஒரு சமையலறை. அதில் ஐவர் வாழ்கிறோம். மகன், அயல்நாட்டு வாடிக்கையாளர்களுடன் தொலைபேசியில் பேசித் தீர்வு சொல்லும் நிறுவனம் ஒன்றில் இரவுப் பணி புரிகிறான். சில ஆண்டுகளாக அப்பணி வீட்டிலிருந்தபடியே நடக்கிறது. மருமகள் பள்ளி ஆசிரியை. பெயர்த்திக்கு ஒன்பது வயது. அவளுக்கு நெல்லைச் சீமையில் உள்ள ஓர் ஆசிரியை கணினி வழியே பாட்டுக் கற்பிக்கிறார். என் மனைவிக்குக் காலையில் சொற்பொழிவு கேட்க வேண்டும். எனக்கோ மாலையில் ஒரு கச்சேரி. இவையெல்லாம் அறுநூறு சதுர அடிக்குள் நடைபெற வேண்டும். சுவருக்கு அப்பால் ஒரு குஜராத்திக் குடும்பம். தரைக்குக் கீழே மராத்தியப் பெரியவர் ஒருவர், பகலில் உறங்கும் வழக்கம் உடையவர். மகனும் பகலில் உறங்குபவன். இந்நிலையில் காதில் மாட்டும் கருவி எங்களுக்கு அணிகலன் அன்று. குடும்ப அமைதி காக்கும் பஞ்சாயத்தார் என்றே கூறலாம். அதனால் ஐந்து பேருக்கும் தனித்தனியே அக்கருவி உண்டு. ஆண்டுக்கணக்கில் அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் அறிந்தனவற்றையே சொல்லப் போகிறேன்.

இக்கருவியின் வரலாறு பலர் எண்ணுவதினும் பழையது. 1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின் என்பவர், தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். அக்காலத்தில் அது செய்தி கேட்பதற்கு உரிய கருவியே ஒழிய இசை கேட்பதற்கு உரியது அன்று. 1958-இல் ஜான் காஸ் என்பவர் இரு காதுக்கும் இருவேறு ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனைச் செய்தார். அதன் பிறகே இசை விரும்புவோர் அதனை நாடினர். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்.டி. 414 என்பது, பின்புறம் மூடப்படாமல் காற்றோட்டமாக அமைந்த முதல் ஹெட்போன். மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த அக்கருவியின் படத்தைப் பழைய இதழ்களில் சிலர் கண்டிருக்கலாம்.

நம் தலைமுறையினர் முதலில் கண்டது இவற்றுள் ஒன்றும் அன்று. டிரான்சிஸ்டர் வானொலியுடன் வந்த ஒற்றைக் காதுக் கருவியையே நாம் கண்டோம். நான் 1974-இல் பம்பாய்க்கு வந்து மாதுங்காவில் ஓர் அறையில் அறுவருடன் தங்கியிருந்தேன். இரவு பத்து மணிக்குமேல் ஒலி எழுப்பலாகாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. அறையில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அதற்கு ஒரு காதுக் கருவியும் இருந்தது. சிற்றலையில் இலங்கை வானொலி கடல் இரைவது போன்ற ஓசையோடு சில இரவுகளில் கிடைக்கும். ஒருவர் ஒரு பாட்டுக் கேட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். கேட்பவர் முகத்தைப் பார்த்தே இன்ன பாட்டு என்று மற்றவர் ஊகிப்பர். செய்தி வாசிக்கப்பட்டால், கேட்பவர் ஒரு வரி கேட்டு ஒரு வரி உரக்கச் சொல்லுவார். அக்கருவியின் ஒலி தகரத்தைச் சுரண்டுவது போலிருக்கும். தாளம் கேட்கும், மத்தளம் கேளாது. அது பற்றி யாரும் குறை கூறியதாக எனக்கு நினைவில்லை.

1979-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மன் என்னும் கையடக்க இசைக் கருவியை வெளியிட்டது. அதன் முதல் வகையில் ஹெட்போன் செருகுவதற்கு இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனியே கேட்டுக்கொண்டிருப்பது அருகில் இருப்பவரைப் புறக்கணிப்பதாகும் என்று அந்நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரீட்டா கருதினார். தம் மனைவியின் மனக்குறையே இதற்குக் காரணம் என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். இசையைத் தாழ்த்தி அருகிலிருப்பவரோடு பேச உதவும் பொத்தான் ஒன்றும் அதில் இருந்தது. மக்களோ ஆளுக்கொரு கருவி வாங்கிக்கொண்டனர். இரண்டாம் துளை பின்னர் வந்த வகைகளில் மறைந்தது.

நிற்க. ஒலியின் தன்மைக்கு வருவோம்.

அறையில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கும்பொழுது, வலப்புறப் பெட்டியின் ஓசை வலக்காதிற்கு மட்டுமன்றி, இமைப்பொழுதினும் மிகக் குறைந்த தாமதத்துடன் இடக்காதிற்கும் செல்கிறது. தலை இடையில் நின்று அதனைச் சற்றே மறைக்கிறது. காதுமடலின் மடிப்புகளில் பட்டும் சுவரில் மோதியும் ஓசை உருமாறுகிறது. இம்மாற்றங்களைக் கொண்டே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை அறிகிறது. ஹெட்போனில் வலப்புற ஓசை வலக்காதோடு நின்றுவிடுகிறது. ஆதலின் பாடகர் நம் எதிரில் அமர்ந்து பாடுவதாகத் தோன்றாமல், நம் தலைக்குள் இருந்து பாடுவதாகத் தோன்றுகிறது. ஹெட்போன் காதுமடலை விட்டுவைக்கிறது. ஓசை மடலில் பட்டே உள்ளே செல்கிறது. இயர்போன் அம்மடலையும் தாண்டிக் குழாய்க்குள் நுழைந்துவிடுகிறது. இக்காரணத்தால், பின்புறம் திறந்த நல்ல ஹெட்போனில் இசை தலையைச் சுற்றிச் சிறிது பரவி நிற்கும். இயர்போனில் இரு காதுக்கும் இடையே ஒரு கயிற்றின்மேல் நிறுத்தியது போல நிற்கும்.

இவ்வேற்றுமை பழைய இசைத்தட்டுகளில் நன்கு விளங்கும். ஒரு பக்கத்திற்கு மூன்று மூன்றரை நிமிடமே ஓடிய 78 சுற்றுத் தட்டுகளில் பதிவானவை எல்லாம் ஒற்றை ஒலி. தியாகராச பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் அவ்வாறு பதிவானவர்களே. இரு காதுக்கும் ஒரே ஓசை செல்வதால் பாகவதர் நம் உச்சந்தலைக்குள் சம்மணமிட்டு அமர்ந்து பாடுவது போலிருக்கும்! தட்டின் கீறலும் அவரோடு உள்ளே அமர்ந்திருக்கும். இத்தகைய பாட்டுகளை ஒலிபெருக்கியில் கேட்பதே இன்பம் என்பது என் முடிபு. ஸ்டீரியோ முறையில் பதிவான தமிழ்த் திரைப்பாடல்களில் முன்னோடியாகிய 1978-ஆம் ஆண்டின் ‘பிரியா’ படப் பாடல்களை எடுத்துக்கொண்டால் நிலை வேறு. கருவிகள் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்பதை ஹெட்போன் காட்டுவது போலச் சிறிய ஒலிபெருக்கி காட்டாது.

கருநாடக இசைக் கச்சேரியில் எனக்கு மிருதங்கமே உரைகல். அதன் வலந்தலை கூர்மையாகத் தெறிக்கும். இடப்பக்கத்துத் தொப்பி ஆழ்ந்து குமுறும். கைபேசியின் ஒலிபெருக்கியில் வலந்தலை மட்டுமே கேட்கும். தொப்பியை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். நல்ல கருவியில் இரண்டும் கேட்கும். வில் நரம்பின்மீது திரும்பும் ஒலியும், பாடகர் மூச்சு வாங்கும் ஒலியும் கேட்கும். சண்முகானந்த மண்டபத்தில் பின்வரிசையில் அமர்ந்தவர்க்கு இவை கிட்டா. ஆனால் நாகசுரமும் தவிலும் வேறு. அவை கோயில் வீதிக்காக ஆக்கப்பட்டவை. அவற்றைக் காதுக்குள் வைத்துக் கேட்பது கடலைச் செம்பில் மொண்டு வந்து பார்ப்பது போன்றது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாயினும் இக்குறை தீர்வதில்லை.

ஆழ்ந்த ஓசையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ஹெட்போனில் அதிரும் தகடு பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அளவினது. இயர்போனில் உள்ளதோ 10 மில்லிமீட்டர் அளவே. பெரியது ஆழமாக ஒலிக்கும், சிறியது கீச்சிடும் என்று மக்கள் எண்ணுகின்றனர். உண்மையில் ஆழ்ந்த ஓசைக்கு வேண்டுவது காற்றுப் புகாத அடைப்பு. காதுக்குழாய் ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுள்ள சிறிய அறை. அதன் வாயில் நன்கு அடைபட்டால் சிறு தகட்டின் அசைவே செவிப்பறையை வலிமையாக அசைக்கப் போதும். சிறிது இடைவெளி இருப்பினும் ஆழ்ந்த ஓசை அவ்வழியே கசிந்து போய்விடும். எனவே, பொருத்தமாகச் செருகிய மலிவான இயர்போன், பின்புறம் திறந்த உயர்ந்த ஹெட்போனை விடவும் மிகுதியாகக் குமுறுவதுண்டு. பெட்டியில் சிறிது, நடு, பெரிது என மூன்று அளவு ரப்பர் முனைகள் தருகின்றனர். அவற்றை மாற்றிப் பார்ப்பவர் நூற்றில் பத்துப் பேராவது இருப்பாரோ என ஐயுறுகிறேன். வலக்காதிற்கு ஓர் அளவும் இடக்காதிற்கு வேறளவும் வேண்டியிருத்தல் இயல்பே. எதிர்ப்பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காதுமடலை மேலும் பின்னும் சற்றே இழுத்துப் பிடித்துச் செருகினால் குழாய் நேராகி முனை நன்கு அமரும். இச்சிறு பயிற்சி ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்தும்.

பயன்பாட்டில் எது நன்று என்பது இடத்தைப் பொறுத்தது. புறநகர் மின்வண்டியில் ஹெட்போன் அணிந்து ஏறிப் பார்த்தோர் அறிவர்; தாதர் நிலையத்தில் இறங்கும்பொழுது அது தம் தலையில் இருக்குமா, பின்னால் நிற்பவர் தோளில் தொங்குமா என்பது சொல்ல இயலாது. கம்பியில்லாத சிறு இயர்போன்களோ வாயிலருகே நிற்பவர் காதிலிருந்து நழுவித் தண்டவாளத்தில் விழுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கழுத்தைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் வகையே வண்டிக்கு ஏற்றது. அது விழாது, வேண்டாத பொழுது மாலைபோல் கிடக்கும். மும்பையில் பெஸ்ட் பேருந்துகளில் கைபேசியைக் காதுக் கருவி இன்றி உரக்க ஒலிக்கவிடலாகாது என்று 2023-இல் ஆணை பிறப்பித்தனர். தொலைதூர வண்டிகளிலும் இரவு பத்து மணிக்குமேல் அவ்வாறு ஒலிக்கவிடலாகாது என்பது இரயில்வேயின் விதி. எங்கள் பக்கத்து வண்டியில் இவ்விதி எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை, நெல்லைக்கு இரண்டு இரவுப் பயணம் செய்யும் அன்பர்கள் அறிவர். அதனை விரிப்பின் பெருகும்.

வெப்பமும் ஈரமும் மற்றொரு செய்தி. மேல்நாட்டார் எழுதும் மதிப்புரைகளில் இதனைக் காண்பது அரிது. தோல்போன்ற உறை போட்ட ஹெட்போனை மும்பையின் மே மாதத்தில் அரைமணி அணிந்தால் காதைச் சுற்றி வியர்வை வழிகிறது. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் அவ்வுறை கருஞ்செதிலாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டுகிறது. துணி உறை போட்டதே நம் நாட்டிற்கு உகந்தது. இயர்போனிலோ வேறு தொல்லை. ஈரக் காதை அடைத்துவைத்தால் உள்ளே பூஞ்சை பற்றிக்கொள்ளும். மழைக்காலத்தில் காது மருத்துவரிடம் செல்வோர் பலர்க்கும் இந்நோய் காணப்படுகிறது. குளித்தவுடன் செருகலாகாது, ஒருவர் அணிந்ததை மற்றொருவர் அணியலாகாது, ரப்பர் முனையை வாரம் ஒருமுறை கழுவி உலர்த்த வேண்டும்.

புற இரைச்சலை அழிக்கும் கருவிகளைப் பற்றியும் கூற வேண்டும். அமர் போஸ் என்னும் பேராசிரியர் 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு வானூர்தியில் சென்றபொழுது, தரப்பட்ட ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலால் இசை கேளாமற்போகவே, அப்பயணத்திலேயே இதற்குரிய கணக்கைப் போடத் தொடங்கினார். அவருடைய தந்தை ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போராடி, வங்கத்திலிருந்து 1920-இல் அமெரிக்காவிற்குத் தப்பிச் சென்றவர். பதினோராண்டு கழித்து, 1989-இல், வானூர்தி ஓட்டுநர்க்கான கருவி விற்பனைக்கு வந்தது. சிறு மைக்குகள் வெளி இரைச்சலைக் கேட்கும். அதற்கு நேர் எதிரான அலையைக் கருவி எழுப்பும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். வானூர்தி, மின்விசிறி, ஓடும் வண்டி ஆகியவற்றின் இடையறாத முழக்கத்தை இது நன்கு அடக்குகிறது. குழந்தை அழுவதையும் சமையலறையில் தட்டு விழுவதையும் அவ்வளவாக அடக்குவதில்லை. அடக்காததே நன்று என்பேன். சாலையிலும் தண்டவாளத்தருகிலும் இதனை அணிந்து செல்வோர்க்கு நேர்ந்த கொடுமைகளை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். வீதியைக் கடக்கும்பொழுது எவ்வகையாயினும் கழற்றிவிட வேண்டும். இதில் இரு வகைக்கும் வேற்றுமை இல்லை.

பெயர்த்தியின் பாட்டு வகுப்பில் நாங்கள் கண்டது வேறெங்கும் படித்தறியாத ஒன்று. தொடக்கத்தில் அவளுக்குக் காதை நன்கு அடைக்கும் இயர்போன் ஒன்றைக் கொடுத்திருந்தோம். வகுப்பல்லாத வேளையில் சுருதியோடு சேர்ந்து பாடும் குழந்தை, வகுப்பில் மட்டும் சற்றே தாழ்ந்து பாடினாள். ஆசிரியை பலமுறை திருத்தினார். பிறகு அவரே, “பாப்பா, ஒரு காதில் இருப்பதை எடுத்துவிட்டுப் பாடு” என்றார். உடனே சுருதி சேர்ந்தது. காரணம் இதுதான்: காதை அடைத்துக்கொண்டு பேசினால் நம் குரல் எலும்பின் வழியே சென்று உள்ளேயே முட்டி, பானைக்குள் பேசுவது போல முழங்கும். அன்பர்கள் இப்பொழுதே விரலால் காதை அடைத்துக்கொண்டு ஒரு வரி படித்துப் பார்க்கலாம். தன் குரலை உள்ளபடி கேளாத குழந்தை எவ்வாறு சுருதியில் நிற்கும்? திறந்த ஹெட்போனில் இத்தொல்லை இல்லை. பாட்டு வகுப்பிற்கு அதுவே உகந்தது. அதிலும் கம்பியுடையதாக இருத்தல் வேண்டும். கம்பியில்லாக் கருவியில் ஒலி சிறிது தாமதித்து வருகிறது. திரைப்படம் பார்ப்போர் அதனை உணரார். தாளம் போடுவோர் உணர்வர். மற்றொன்று: வகுப்பு நடத்தும் செயலி, தம்புராவின் நாதத்தை மின்விசிறியின் இரைச்சல் என்று கருதி நீக்கிவிடுகிறது! ஆயிரம் ஆண்டுப் பண்பாடு பொறிக்கு இரைச்சலாகத் தோன்றுகிறது. அந்நீக்கத்தை நிறுத்திவைக்கும் வசதி அச்செயலியின் அமைப்புகளிலேயே உண்டு; தேடி எடுக்க வேண்டும்.

இனி, சமையலறைக்கு வருகிறேன். என் மனைவி காலை ஆறரை முதல் எட்டுவரை சமையல் செய்துகொண்டே சொற்பொழிவோ பழைய நாடகமோ கேட்பது வழக்கம். முன்னர் அது மேடைமேல் வைத்த கைபேசியிலிருந்து வீடெங்கும் ஒலித்தது. மகன் இரவுப் பணி முடிந்து உறங்கும் நேரமாதலின் கழுத்து வளைய இயர்போன் வாங்கிக் கொடுத்தோம். வீடு அமைதியாயிற்று. பல் துலக்கிக்கொண்டும் சடை பின்னிக்கொண்டும் அவ்வொலியினூடே திரிந்த பெயர்த்தி, “ஆச்சி, வஞ்சினம் என்றால் என்ன?”, “தாத்தா, கொடுத்துச் சிவந்த கை என்கிறாரே, சுட்டுக்கொண்டாரா?” என்று நாள்தோறும் ஏதேனும் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தவள். அக்கேள்விகள் நின்றுபோயின என்பதை முதலில் கவனித்தவள் மருமகள். “மாமா, இவள் இப்போதெல்லாம் தமிழில் ஒரு சொல்லும் புதிதாகக் கேட்பதில்லை” என்று ஒருநாள் சொன்னாள்.

சிந்தித்துப் பார்த்தேன். பள்ளியில் அவளுக்கு ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும். விளையாட்டுத் தோழியரிடம் இந்தி. எங்களோடு பேசும் தமிழ், சாப்பிட்டாயா, குளித்தாயா, விளக்கை அணை என்னும் அளவினது. அதற்கு மேற்பட்ட தமிழ் அவள் காதில் விழுந்தது அச்சமையலறை ஒலியில்தான். யாரும் அவளுக்கென்று சொன்னதன்று, போகிறபோக்கில் விழுந்தது. வெளிமாநிலத்தில் வளரும் குழந்தைக்குத் தெருவில் தமிழ் இல்லை, கடைப்பலகையில் இல்லை, திருவிழா ஒலிபெருக்கியில் இல்லை. வீட்டில் தற்செயலாகக் காதில் விழுவதே அதற்கு எஞ்சிய தெரு. ஞாயிறுதோறும் நம் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பை நான் குறைவாக மதிப்பவன் அல்லேன். அங்கே எழுத்துக் கற்பிக்கின்றனர். வஞ்சினம் என்னும் சொல்லை அவள் கற்றது இட்லிக் கொப்பரையின் அருகில்.

மகனின் உறக்கத்தையும் கெடுக்கலாகாது. எனவே கருவிகளை ஒருவர்க்கொருவர் மாற்றினோம். காலையில் காதை மூடுபவன் மகன். இரைச்சலடக்கும் ஹெட்போன் அவனுக்குப் படுக்க ஏற்றதன்று ஆகையால், பஞ்சு போன்ற மென்மையான காதடைப்பான் வைத்துக்கொள்கிறான். அவன் அறைக் கதவின் கீழ் இடைவெளிக்குத் துணிச்சுருள் வைத்தோம். சமையலறையில் கைபேசி மீண்டும் மேடைமேல் ஏறியது, முன்னினும் தாழ்ந்த ஒலியில். தொலைதூர வண்டியில் செல்லும்பொழுது, ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் சிறு கம்பி ஒன்றை எடுத்துச் செல்கிறோம். இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆச்சியும் பெயர்த்தியும் ஆளுக்கொரு ஹெட்போன் அணிந்து ஒரே நாடகத்தைக் கேட்பர். மொரீட்டாவின் இரண்டாம் துளை எங்கள் பெட்டியில் உயிர் பெற்றிருக்கிறது.

மகனைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் இயலாது. இரவில் ஒன்பது மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், அவன் காதில் இயர்போன் இருந்தது. நிறுவனம் கொடுத்த மலிவான ஒன்று; காதில் சரியாக அமராதது. மின்விசிறி ஓசையும் தெருவில் லாரிகளின் ஒலிப்பானும் உள்ளே புகவே, பேசுபவர் குரலைக் கேட்க ஒலியளவை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறான். பணி முடிந்தபின் அதிலேயே பாட்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், “அப்பா, சுவர்க்கோழி கத்துகிறதே, உங்களுக்குக் கேட்கிறதா?” என்றான். மூன்றாம் மாடியில் சுவர்க்கோழி இல்லை.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் அவனை ஓசை புகாத சிற்றறையில் அமர்த்தி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சோதித்து வரைபடம் எடுத்தார். கோடு நேராகவே சென்று 4000 அருகில் பள்ளமாக விழுந்து, 8000-இல் மீண்டும் ஏறியிருந்தது. மிகுந்த ஓசையால் கெட்ட காதிற்கு இதுவே அடையாளம் என்று மருத்துவர் விளக்கினார். உட்செவியில் ஓசையை உணரும் நுண்மயிர்க் கண்ணறைகள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உயிரெழுத்தின் முழக்கம் தாழ்ந்த ஓசை, அது கேட்கும். க், ச், ட், த், ப் என்னும் வல்லொற்றுகளைப் பிரித்தறிய வேண்டிய குறிப்புகள் பெரிதும் மேலோசையில் உள்ளன. பள்ளம் பெரிதாகுமாயின் பத்து, பட்டு, பச்சு எல்லாம் ஒன்றாகும். பிறர் பேசுவது கேட்கும், விளங்காது.

இயர்போன் செவிப்பறைக்கு அண்மையில் உள்ளது, ஆதலின் தீது. ஹெட்போன் தொலைவில் உள்ளது, ஆதலின் நன்று என்று நானும் நீங்களும் கேள்விப்பட்டிருக்கிறோம். மருத்துவர் அதனை ஒப்பவில்லை. செவிப்பறையை அடையும் ஓசை எவ்வளவு, எத்தனை நேரம் என்பவையே கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வகுத்த அளவின்படி, பெரியவர்க்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபல். சிறுவர்க்கு அதே நேரம் 75 டெசிபல். மூன்று டெசிபல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகும். 83 எனின் 20 மணி. 86 எனின் 10 மணி. 89 எனின் ஐந்தே மணி. என் மகன் பணிக்கே 45 மணி செலவிடுகிறான். அளவு 80-இல் நின்றிருந்தாலும் வரம்பு கடந்ததே. நன்கு அடைக்கும் இயர்போனோ மூடிய ஹெட்போனோ புற இரைச்சலைக் குறைப்பதால் ஒலியை ஏற்றவேண்டிய தேவை குறைகிறது. அவ்வளவில் அவை காவலாகும். காதில் சரியாக அமராத கருவியே பெருங்கேடு.

இப்பொழுது அவன் வாய்க்கருகில் மைக் நீளும் மூடிய ஹெட்போன் அணிகிறான். துணி உறை போட்டது, எங்கள் செலவில் வாங்கியது. கைபேசியிலும் கணினியிலும் ஒலி வரம்பு கட்டியிருக்கிறோம். ஒரு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் கழற்றிவைக்கிறான். நிறுவனத்தார் முதலில் முணுமுணுத்தனர், மருத்துவர் சான்று கண்டபின் இசைந்தனர். பாட்டுக் கேட்பதை ஞாயிறு மாலைக்கு ஒதுக்கி, என்னோடு அமர்ந்து ஒலிபெருக்கியில் கேட்கிறான். அவனுக்குப் பிடித்த பாட்டு எனக்குப் பிடிப்பதில்லை, எனினும் அமர்ந்திருக்கிறேன்.

சென்ற மாதம் மறுமுறை வரைபடம் எடுத்தனர். பள்ளம் மேலும் ஆழவில்லை. சுவர்க்கோழி மட்டும் நள்ளிரவில், பணிக்கு நடுவே கருவியைக் கழற்றிவைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், இன்னும் கத்துகிறது என்கிறான்.